உறுப்பினர்கள் அனைவரும் நலம்

ஜனவரி 1

நற்கதி இறுதி மரியாதைச் சேவை நிறுவனம் முகவர்களுக்குக் கொடுத்த டைரி இது. போன வருடம் தோல் அட்டை, இந்த வருடம் காகித அட்டை. ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் 'இன்றே திட்டமிடுங்கள்' என்று அச்சடித்திருக்கிறார்கள். பல் டாக்டரிடம் போகும் தேதியைக் குறிக்கும்போது கொஞ்சம் உறுத்துகிறது.

எங்கள் வடவள்ளி கற்பகம் அடுக்ககத்தில் நாற்பது வீடுகள். அதில் பதினான்கு பேரை நற்கதி திட்டத்தில் சேர்த்துவிட்டவன் நான். ஆளுக்கு ஐம்பதாயிரம், ஒரே தவணை. காலமானதும் வீட்டார் ஒரு போன் செய்தால் போதும். இரண்டு மணி நேரத்தில் குளிர்பெட்டி, பந்தல், நாற்காலி, பூ வண்டி, ஓதுவாரோ ஐயரோ பாதிரியாரோ, மின்மயானத்தில் முன்பதிவு, இறப்புச் சான்றிதழ் எல்லாம் நிறுவனத்தின் பொறுப்பு. பிள்ளைகள் டல்லஸிலும் சிட்னியிலும் இருக்கும் பெற்றோருக்கு இதைவிட என்ன நிம்மதி வேண்டும்? முப்பது வருடம் பஞ்சாலையில் தொழிலாளர் நல அலுவலராக இருந்தவன் நான். ஓய்வுக்குப் பிறகும் அடுத்தவர் நலம் என்றே பழகிவிட்டது. இதில் எனக்கென்று ஒன்றுமில்லை. ஒரு மிக்சி கொடுத்தார்கள்.

என் மனைவி வசந்தாமணி பின்னால் நின்று படித்துவிட்டு, "மிக்சி மட்டுந்தானுங்களா?" என்றாள். அடுத்தவர் டைரியைப் படிப்பது நாகரிகமில்லை என்றேன்.

ஜனவரி 8

கார் நிறுத்துமிடத்தில் பிலோமினா டீச்சர் பிடித்துக்கொண்டார். எண்பத்தொரு வயது. மிஷன் பள்ளியில் கணக்கு டீச்சராக இருந்தவர், தனியாக இருக்கிறார். நான் சேர்த்த முதல் உறுப்பினர்.

"நாச்சிமுத்து, நாமினி பேர மாத்தணும்னு உங்க கம்பெனிக்கு நாலு நாளா போன் போடறேன். ஒரு பாட்டு பாடுது, அப்புறம் அதுவே கட் ஆயிடுது."

"பண்டிகை நேரமுங்க டீச்சர். லீவுல இருப்பாங்க."

"சாவுக்கு ஏதுங்க லீவு?"

வீட்டுக்கு வந்து மண்டல மேலாளர் தினகருக்குப் போன் செய்தேன். "சர்வர மாத்திட்டு இருக்கோங்க சார். பொங்கல் முடியட்டும், எல்லாம் ராக்கெட் வேகத்துல நடக்கும்" என்றார். நிம்மதியாக இருந்தது. ரேஷனில் பாமாயில் வந்திருக்கிறது, நாளை போக வேண்டும்.

ஜனவரி 19

காந்திபுரம் அலுவலகத்துக்கு நேரில் போனேன். இரண்டாவது மாடி, அதே கதவு. உள்ளே அழகு நிலையம்.

"சாவு ஆபீஸா சார்?" என்றாள் அங்கிருந்த பெண். "இந்த வாரத்துல நீங்க ஏழாவது ஆளு. காலி பண்ணிட்டுப் போய் ஒரு மாசம் ஆச்சுங்க. வந்தது வந்தீங்க, முகத்துக்கு ஏதாச்சும் பண்ணிக்கிறீங்களா? பெரியவங்களுக்குத் தள்ளுபடி இருக்குங்க."

ஆக, அலுவலகம் இடம் மாறியிருக்கிறது. புதிய முகவரி விரைவில் தெரியவரும். அதுவரை உறுப்பினர்களை வீணாகக் கலவரப்படுத்தக் கூடாது. திரும்பும் வழியில் கறிவேப்பிலை வாங்க மறந்துவிட்டேன்.

ஜனவரி 20

பதினான்கு பேரும் நலம்.

ஜனவரி 26

கொடியேற்றம் முடிந்ததும் என் செலவில் இலவச ரத்த அழுத்தப் பரிசோதனை. பதினான்கு பேரில் பதின்மூன்று பேர் வந்தார்கள். வராதவர் வீட்டுக்கே கருவியை எடுத்துப் போனேன். பி பிளாக் ஆறுச்சாமிக்கு மேல் எண் நூற்று எழுபது. பொதுப்பணித் துறையில் ஓவர்சியராக இருந்தவர். பொறுப்பில்லாமல் தினம் சாயந்தரம் டீக்கடையில் மூன்று மிளகாய் பஜ்ஜி தின்கிறார்.

நாளையிலிருந்து அவரை நடைப்பயிற்சிக்குக் கூட்டிப் போவதாகச் சொல்லிவிட்டேன்.

"எதுக்குங்க இந்தக் கொடுமை?" என்றார்.

"நீங்க ரொம்ப நாள் இருக்கணுமுங்க."

அவருக்குக் கண் கலங்கிவிட்டது. பெற்ற மகன்கூட இப்படிச் சொன்னதில்லை என்றார். வீட்டில் வசந்தாமணி, "மூணு வருசமா யாரு எப்பிடி இருக்காங்கன்னு நீங்க கேட்டதில்லீங்களே" என்றாள். அக்கறை வருவதற்கு வேளை என்று ஒன்று இருக்கிறது.

பிப்ரவரி 3

திட்டத்தின் விதிமுறைக் கையேட்டை இன்று பூதக்கண்ணாடி வைத்துப் படித்தேன். சில பகுதிகளை இங்கே குறித்து வைக்கிறேன்.

விதி 11: சேவை தேவைப்படும் உத்தேசத் தேதியை எழுபத்திரண்டு மணி நேரத்துக்கு முன் எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும்.

விதி 14: சேவை கோரும்போது உறுப்பினரின் கைபேசிக்கு வரும் ஆறு இலக்க எண்ணை உறுப்பினரே சொல்ல வேண்டும்.

விதி 17: ஆண்டுதோறும் உயிர்வாழ் சான்று தராத உறுப்பினரின் திட்டம் காலாவதியாகும்.

விதி 22: சேவையில் குறை இருந்தால் உறுப்பினர் முப்பது நாளுக்குள் நேரில் வந்து முறையிடலாம்.

'படித்துப் புரிந்துகொண்டேன்' என்ற இடத்தில் பதினான்கு பேரிடமும் கையெழுத்து வாங்கியவன் நான்தான். நான் படித்தது இன்றுதான்.

பிப்ரவரி 6

பதினோராவது தடவை கூப்பிட்டபோது தினகர் எடுத்தார். பின்னால் நாதஸ்வரம் கேட்டது.

"சார், நான் அதுல இருந்து டிசம்பர்லயே வெளிய வந்துட்டேங்க. மொதலாளியே ஊர்ல இல்ல. இப்ப நான் கல்யாணத் திட்டத்துல இருக்கேன். கொழந்தை பொறந்ததும் பணம் கட்டிட்டா இருபத்தஞ்சு வருசம் கழிச்சு மண்டபம், சாப்பாடு எல்லாம் கம்பெனி பாத்துக்கும். உங்க பேச்சுக்கு நல்லாப் போகும் சார். சேர்றீங்களா?"

"கட்டுன பணமெல்லாம் என்னாச்சுங்க?"

"நீங்க ஏன் சார் டென்ஷன் ஆகறீங்க? யாராச்சும் செத்தாத்தான கேப்பாங்க."

பிப்ரவரி 7

பதினான்கு பேரும் நலம். ஆறுச்சாமி 140/90. பஜ்ஜி ஒன்றுக்குக் குறைந்திருக்கிறது. நடக்கும்போது பவானிசாகர் அணைக்கட்டில் வேலை பார்த்த கதைகளைச் சொல்கிறார். இத்தனை நாள் பேசாமல் இருந்துவிட்டோமே என்று தோன்றியது.

பிப்ரவரி 13

காலை பத்தரைக்கு ஆறுச்சாமி காலமானார். பேப்பர் படித்துக்கொண்டே நாற்காலியில் சாய்ந்துவிட்டாராம். நேற்று 130/82. நான்தான் பார்த்தேன்.

அவர் மனைவி சுலோச்சனா அழவில்லை. பீரோவைத் திறந்து நற்கதி அட்டையை எடுத்து என் கையில் வைத்தார்.

"அவரு சொல்லி வெச்சிருந்தாருங்க. நான் போனா நீ எதுக்கும் அலைய வேண்டாம், இத நாச்சிமுத்துகிட்டக் குடுன்னு. பையன் நாளைக்குச் சாயந்தரந்தான் வந்து சேருவான். அதுக்குத் தகுந்த மாதிரி கம்பெனில சொல்லிருங்க."

"சொல்லிர்றனுங்க" என்றேன்.

கீழே வந்து ஜெனரேட்டர் அறைக்குப் பின்னால் நின்று அட்டையிலிருந்த எண்ணை அழுத்தினேன். பாட்டு பாடியது. முழுப் பாட்டையும் கேட்டேன்.

பிறகு மருதமலை ரோட்டில் குளிர்பெட்டி வாடகைக்கு விடுகிறவரைப் பார்த்தேன், பந்தல்காரரைப் பார்த்தேன், மயானத்தில் நாளை மறுநாள் காலை ஒன்பதரைக்கு நேரம் வாங்கினேன். "பில்லு எந்தக் கம்பெனி பேருக்குங்க?" என்று குளிர்பெட்டிக்காரர் கேட்டார். பில் வேண்டாம் என்றேன்.

வீட்டுக்கு வெள்ளையடிக்க வைத்திருந்த பணத்தை நான் பீரோவிலிருந்து எடுத்ததை வசந்தாமணி பார்த்தாள். காப்பிக்குப் பத்து லிட்டர் பால் சொல்லிவிட்டு சுலோச்சனா அம்மாவிடம் போய் உட்கார்ந்துகொண்டாள்.

பிப்ரவரி 15

எல்லாம் நல்லபடியாக முடிந்தது. பூ வண்டிக்காரர் முந்தின நாள் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டு வந்திருந்தார். முன் கண்ணாடியில் மணமக்கள் பெயரை உரித்தவர், நடுவிலிருந்த இதயத்தை மறந்துவிட்டார். அதன்மேல் செவ்வந்தி மாலையைப் போட்டு மறைத்தேன். ஓதுவார் உருக்கமாகப் பாடினார். கம்பெனி ஆட்கள் எங்கே என்று யாரோ கேட்டார்கள். பழைய அடையாள அட்டையை எடுத்துக் கழுத்தில் மாட்டிக்கொண்டேன்.

மகன் என் கையைப் பிடித்து, "அங்கிள், அமெரிக்காவுலகூட இவ்வளவு ஒழுங்காப் பண்ண மாட்டாங்க. நெட்ல உங்க கம்பெனிக்கு அஞ்சு ஸ்டார் போட்டுட்டேன்" என்றான்.

மயானத்தில் புகை அதிகம். கண் எரிச்சல் சாயந்தரம் வரை இருந்தது.

பிப்ரவரி 18

சங்கச் செயலாளர் கிருஷ்ணராஜ் அறிவிப்புப் பலகையில் நற்கதி நிறுவனத்துக்கு நன்றி தெரிவித்து ஒட்டியிருக்கிறார். லிஃப்டில் இருவர் பேசிக்கொண்டு வந்தார்கள். "செத்தா ஆறுச்சாமி மாதிரி சாகணுமுங்க. என்ன ஏற்பாடு, என்ன நேரந்தவறாம." திட்டத்தில் சேர விரும்புவதாக இதுவரை ஆறு பேர் கேட்டுவிட்டார்கள். இப்போது சேர்க்கை இல்லை என்றேன். அதனால் ஆர்வம் அதிகமாகிவிட்டது.

பிப்ரவரி 21

சி பிளாக் குமரேசன் வீட்டுக்கே வந்தார். அவருக்கும் சம்சாரத்துக்கும் சேர்த்து ஒரு லட்சம், கவரில் போட்டு.

"சேர்க்கை இல்லீங்க."

"மத்தவங்களுக்குத்தானுங்க இல்ல. நீங்க மனசு வெச்சா நடக்கும். சார், எனக்கு ரெண்டும் பொண்ணு, ரெண்டும் வெளிநாடு. எனக்கு அப்புறம் இவ தனியா நின்னு யார்கிட்டப் போய்க் கேப்பாளுங்க?"

காப்பியைக் குடித்துவிட்டுக் கவரை டீப்பாயில் வைத்துவிட்டுப் போய்விட்டார். மறுக்கச் சந்தர்ப்பம் அமையவில்லை. பத்திரமாக இருக்கட்டும் என்று பீரோவில் கம்பளிச் சட்டைக்குக் கீழே வைத்தேன். ஆறுச்சாமிக்குச் செலவானது நாற்பத்தாறாயிரம் என்பது இந்த நேரத்தில் ஏனோ ஞாபகம் வந்தது. சும்மா வந்தது.

பிப்ரவரி 24

வசந்தாமணி பீரோவைச் சுத்தம் செய்திருக்கிறாள்.

கவர் சாப்பாட்டு மேசையில் என் தட்டுக்குப் பக்கத்தில் இருந்தது. ரசம் ஊற்றும்போது சொன்னாள். "ஆறுச்சாமியண்ணனுக்கு நீங்க செஞ்சப்ப, எம்பட மனசுல உங்களக் கும்பிட்டனுங்க. இத வெச்சுக்கிட்டீங்கன்னா நான் பொள்ளாச்சிக்கு தங்கச்சி ஊட்டுக்குப் போயிருவேன்."

"வெச்சுக்கறதா யாரு சொன்னா?"

"சட்டைக்கு அடியிலல்ல இருந்துச்சு."

ரசத்தில் உப்பு இல்லை. சொல்லவில்லை.

பிப்ரவரி 27

பிலோமினா டீச்சர் குளியலறையில் வழுக்கி விழுந்துவிட்டார். ஆம்புலன்ஸில் நான்தான் கூடப் போனேன். முழங்காலுக்குக் கீழே எலும்பில் விரிசல், மாவுக்கட்டு. உயிருக்கு ஒன்றுமில்லை என்று டாக்டர் சொன்னதும் வராந்தா பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன்.

படுக்கைக்கு அருகில் போனதும் டீச்சர் கேட்டார். "என்ன நாச்சிமுத்து, எனக்காக அந்தக் கம்பெனிக்குப் போன் போட வேண்டி வந்துரும்னு பயந்துட்டீங்களா?"

போர்வையை இழுத்து அவர் காலை மூடினேன்.

"நூத்திப் பன்னெண்டு தடவை கூப்பிட்டிருக்கேன், எழுதி வெச்சிருக்கேன். காந்திபுரத்துக்கு ஆட்டோல போயிட்டும் வந்தேன். அந்தப் பொண்ணு எனக்குப் புருவம் திருத்தி விட்டுச்சு. ஆறுச்சாமிக்கு வந்தது எந்தக் கம்பெனி?"

"டீச்சர், உங்களுக்கு ஒண்ணுன்னா நான் வருவேனுங்க."

"வருவீங்க. அது எனக்குத் தெரியும். மத்த பன்னெண்டு பேருக்கும் வருவீங்களா? புதுசா வரிசைல நிக்கறாங்களே, அவங்களுக்கு?" கொஞ்ச நேரம் கண்ணை மூடிக்கொண்டார். "எனக்குத் தெரிஞ்சது போதாதுங்க. அவங்க எல்லாருக்கும் சொல்லுங்க. நானே சொல்லியிருப்பேன். நீங்களாச் சொல்லுவீங்கன்னுதான் ஒரு மாசமாப் பாத்துட்டிருக்கேன்."

மார்ச் 2

பொதுக்குழு. தண்ணீர்த் தொட்டி, நாய்த் தொல்லை, பிறகு இதர விஷயங்கள். இதர விஷயங்களில் எழுந்து சொன்னேன். நிறுவனம் டிசம்பரிலேயே மூடப்பட்டது. எனக்கு ஜனவரி பத்தொன்பது முதல் தெரியும். ஆறுச்சாமிக்குச் செய்தது நான்.

முதலில் எழுந்தவர் குமரேசன். "எம்பட கவரு?" கையில்தான் வைத்திருந்தேன். வாங்கி, அங்கேயே இரண்டு தடவை எண்ணினார்.

பிறகு எல்லோரும் சேர்ந்து பேசினார்கள். "எங்க பணத்துல உங்களுக்கு எத்தன?" என்று ஒருவர். "எனக்கு ரத்த அழுத்தம் பாத்தது இதுக்குத்தானா?" என்று இன்னொருவர். திட்டத்தில் சேராதவர்கள் ஆரம்பத்திலேயே சந்தேகப்பட்டதாகச் சொன்னார்கள். கிருஷ்ணராஜ் எழுந்துபோய்ப் பலகையில் ஒட்டிய நன்றியைக் கிழித்துவிட்டு வந்தார்.

சுலோச்சனா அம்மா ஒன்றுதான் கேட்டார். "அந்தப் பூ வண்டி?"

"நான்தானுங்க."

எழுந்து போய்விட்டார்.

மார்ச் 4

லிஃப்டில் நான் ஏறியதும் உள்ளே இருந்த மூன்று பேருக்கும் படியில் போக வேண்டும் என்று தோன்றிவிட்டது.

மார்ச் 7

சுலோச்சனா அம்மா வந்தார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. குளிர்பெட்டிக்காரர், பந்தல்காரர் என்று ஒவ்வொருவரிடமும் விசாரித்துக் கணக்குப் போட்டு, செலவு நாற்பத்தாறாயிரத்தையும் மேசைமேல் வைத்தார். வேண்டாம் என்றேன்.

"வேணுமா வேண்டாமான்னு நான் கேக்கலீங்க" என்றார். "காரியம் முடிஞ்ச அன்னிக்கு அந்தக் கம்பெனிக்கு நாலு பக்கம் நன்றின்னு கடிதாசி எழுதிப் போட்டேன். முகவரில ஆள் இல்லைன்னு நேத்துத் திரும்பி வந்துச்சு. நீங்க ரெண்டு நாள் எங்க ஊட்டு வாசல்லயே நின்னீங்க. உங்களுக்கு ஒரு வாய்க் காப்பி குடுக்கோணும்னு எனக்குத் தோணல. கம்பெனி ஆளுதானன்னு இருந்துட்டேன். எதுக்குங்க என்னைய அப்படி இருக்க வெச்சீங்க?"

வசந்தாமணி அவரைக் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப் போனாள். சமையலறையில் இருவரும் அழுதார்கள். நான் பால்கனிச் செடிகளுக்குத் தண்ணீர் விட்டேன். காலையில் ஒரு தடவை விட்டாயிற்று.

மார்ச் 12

பிலோமினா டீச்சர் வீட்டில் கூட்டம். மாவுக்கட்டுக் காலை ஸ்டூலில் நீட்டிக்கொண்டு அவர்தான் தலைமை. மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் கொடுப்பதென முடிவாயிற்று. ஆறுச்சாமிக்காக சுலோச்சனா அம்மா உட்படப் பதினான்கு மனுதாரர்கள். என்னையும் வரச் சொன்னார்கள், ஆவணங்கள் என்னிடம் இருப்பதால்.

வந்திருந்த வக்கீல் இளைஞர் தயங்கித் தயங்கிச் சொன்னார். "நிறுவனம் எதிர்மனுதாரர் ஒண்ணு. இவரு முகவர். பணம் இவரு மூலமாத்தான் போயிருக்கு. அதனால இவரை ரெண்டாவதாச் சேக்கணுமுங்க."

எல்லோரும் ஜன்னலைப் பார்த்தார்கள்.

"சேத்துக்கங்க" என்றேன். வக்கீல் எழுதி வந்த வரைவை வாங்கிப் படித்தேன். நிறுவனத்தின் பெயரிலேயே பிழை. தேதிகள் வரிசையாக இல்லை. முப்பது வருடம் தொழிலாளர்களுக்கு மனு எழுதிக் கொடுத்த கை இது, பொறுக்கவில்லை. நானே எழுதித் தருவதாகச் சொன்னேன்.

"உங்க மேலயே நீங்களா?" என்றார் கிருஷ்ணராஜ்.

"எழுதட்டுமுங்க" என்றார் டீச்சர். "விவரம் இவருக்குத்தான் நல்லாத் தெரியும்."

மார்ச் 15

புகார் மனு பதினேழு பக்கம் வந்திருக்கிறது. 'இரண்டாம் எதிர்மனுதாரர், மனுதாரர்கள் தம்மீது கொண்டிருந்த நம்பிக்கையைப் பயன்படுத்தி' என்ற வாக்கியம் நன்றாக அமைந்துவிட்டது.

வசந்தாமணியிடம் படிக்கக் கொடுத்தேன். கண்ணாடி போட்டுக்கொண்டு கடைசி வரை படித்தாள். ஒன்பதாவது பக்கத்துக்குத் திரும்பிப் போனாள்.

"இரண்டாம் எதிர்மனுதாரர் அன்பளிப்பாக ஒரு மிக்சி பெற்றார்னு போட்டிருக்கீங்க."

"ஆமா."

"பேனா வேணுங்களா?"

வாங்கித் திருத்தினேன். இங்கேயும் எழுதிவிடுகிறேன். தலைக்கு ஐயாயிரம் கமிஷன். பதினான்கு பேருக்கு எழுபதாயிரம். சோபா, கொடைக்கானல் பயணம், வசந்தாமணியின் கம்மல். கம்மல் பழைய சீட்டுப் பணத்தில் வாங்கியது என்று அவளிடம் சொல்லியிருந்தேன். மிக்சியும் கொடுத்தார்கள் என்பது உண்மை.

அவள் கம்மலைக் கழற்றவில்லை. கழற்றி எறிவாள் என்று எதிர்பார்த்தேன். "பணத்த மொதல்ல குடுத்து முடிங்க. அப்புறம் இது எனக்கு நீங்க வாங்கிக் குடுத்ததுன்னு போட்டுக்குவேன்" என்றாள்.

ஏப்ரல் 20

எழுபதாயிரத்தை மனுதாரர்களுக்குப் பங்கிட்டுக் கொடுத்து ரசீது வாங்கினேன். மூன்று பேர் உட்காரச் சொன்னார்கள். ஒருவர் மோர் கொடுத்தார். மீதியை நிறுவனத்திடம்தான் வாங்க வேண்டும். முதலாளி எந்த ஊரில் இருக்கிறார் என்று போலீசும் தேடுகிறது.

ஜூன் 10

முதல் விசாரணை. பதினான்கு மனுதாரர்களும் போக ஒரு வேன் பிடித்திருந்தார்கள். நான் பஸ்ஸில் போகலாம் என்று கேட் அருகே நின்றேன். வேன் நின்றது.

"ஏறுங்க" என்றார் கிருஷ்ணராஜ், என் முகத்தைப் பார்க்காமல். "ஒரே எடத்துக்குத்தான போறோம்."

வழியில் சுலோச்சனா அம்மா எலுமிச்சைச் சாதம் பொட்டலம் கொடுத்தார். முதல் பொட்டலம் எனக்கு வந்தது. எதிர்க்கட்சிக்காரனுக்கு முதலில் கொடுப்பதா என்று பின் சீட்டில் யாரோ சொல்ல, மூன்று மாதத்தில் முதல் தடவையாக எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், தாமதமாக.

ஆணையக் கட்டடத்தில் படி அதிகம். டீச்சருக்குக் கட்டுப் பிரித்துக் கொஞ்ச நாள்தான் ஆகிறது. ஒரு கையில் ஊன்றுகோல், மறு கையால் என் முழங்கையைப் பிடித்துக்கொண்டார். ஒவ்வொரு படியாக ஏறி உள்ளே போவதற்குள் எங்கள் வழக்கைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

முதல் எதிர்மனுதாரருக்கு அனுப்பிய நோட்டீஸ் திரும்பி வந்துவிட்டதாக எழுத்தர் படித்தார். "ரெண்டாவது எதிர்மனுதாரர் வந்திருக்காரா?" என்று தலைவர் கேட்டார்.

"வந்திருக்கேனுங்க ஐயா."

தலைவர் என்னையும் என் கையைப் பிடித்திருந்தவரையும் பார்த்தார். "அம்மா, நீங்க அவர் தரப்பு சாட்சிங்களா?"

"இல்லீங்க" என்றார் டீச்சர். "நான் முதல் மனுதாரர். இவரு மேல கேஸ் போட்டிருக்கேன்."

"அப்ப நீங்க அந்தப் பக்கம் உட்காரணுங்க."

"உட்காரலாமுங்க. இவரையும் அந்தப் பக்கம் வரச் சொல்லுங்க. கைய விட்டா நான் விழுந்துருவேன்."

தலைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு இரண்டு பக்கத்துக்கும் நடுவில் ஒரு பெஞ்சைப் போடச் சொன்னார். நாங்கள் அதில் உட்கார்ந்தோம். என்மீதுள்ள குற்றச்சாட்டுகளை வக்கீல் ஒவ்வொன்றாகப் படித்தார். ஒன்பதாவது பக்கத்துக் கமிஷன் வந்தபோது டீச்சரின் பிடி கொஞ்சம் இறுகியது. விசாரணை முடியும் வரை அவர் கையை எடுக்கவில்லை.